நீலக் கால் கோழி

சனிக்கிழமை. காலை ஆறரை மணி.

சாமான் அறையைத் திறந்த மலுவா ஒரு காலை உள்ளே வைத்தாள். மறு காலை வைக்க மறந்துபோனாள்.

அறையின் நடுவே, உத்திரத்திலிருந்து ஒரு சைக்கிள் தொங்கியிருக்க வேண்டும். வான நீல நிறம், மட்கார்டு ஓரத்தில் வெள்ளைக் கோடு, பின்னால் மெத்தை வைத்த சீட்டு. இப்போது உத்திரம் மட்டும் இருந்தது. மூலையில் உரலோடு நீளச் சரட்டால் கட்டியிருந்த கோழி அவளைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு, தனக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்று தவிட்டைக் கொத்தியது.

"அம்மா! சைக்கிளக் காணோம்!"

அந்தக் கத்தலில் ஜோம்பா மலையே விழித்திருக்கும். எங்கள் நமலிண்டித் தெரு முழுக்க விழித்துக்கொண்டது.

அன்றைக்கு மலுவாவுக்கு நிச்சயதார்த்தம். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் சேவலோடு வருவார்கள். பெண் வீட்டார் கோழியோடு நிற்பார்கள். இரு தரப்புத் தாய்மாமன்களும் அவற்றைக் கை மாற்றிக்கொண்டால் காரியம் முடிந்தது. அதற்கு வேண்டிய கோழி பத்திரமாக இருந்தது. சைக்கிள்தான் போய்விட்டது.

சைக்கிள் போனால் என்ன, கல்யாணம் நிற்கவா போகிறது என்று கேட்கலாம். மாப்பிள்ளை லிம்பானி கபாசா ஓட்டுகிறவன். சைக்கிளின் பின் சீட்டில் ஆளை ஏற்றி, மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மிதித்துப் பிழைக்கிறவன். ஓட்டிக்கொண்டிருந்தது வாடகை சைக்கிள். அதன் சொந்தக்காரர் போன மாதம் அதை விற்றுத் தொலைத்தார். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன், "இங்க வாடா, வேலை இருக்கு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பஸ். "ஒரு சைக்கிள் இருந்தா நான் எதுக்கு மலுவா போறேன்?" என்று லிம்பானி ஒரு நாள் சொன்னான். சொன்னதை அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

மாவு மில்லுக்குப் பின்னால் கிடந்த ஒரு துருப்பிடித்த எலும்புக்கூட்டை வாங்கி வந்தாள். "இதுல சைக்கிள் எங்கடி இருக்கு?" என்று அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மலுவா கிராமச் சுகாதார ஊழியர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற கை அது. அந்தக் கையால் கம்பி பிரஷ் போட்டுத் துரு சுரண்டினாள். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்து, அவளுடைய செல்போனே அவளை யாரென்று கேட்டது. செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். பிரைமர் ஒரு கோட்டிங், நீலம் இரண்டு கோட்டிங். எல்லாம் லிம்பானிக்குத் தெரியாமல். நிச்சயதார்த்தக் கூட்டத்தின் நடுவே சைக்கிளை உருட்டி வந்து அவன் கையில் கொடுக்க வேண்டும், அவன் வாயைப் பிளக்க வேண்டும். அதுதான் அவளுடைய கனவு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்பானர் வழுக்கி, முன் பாரில் ஒரு கீறல் விழுந்தது. பாரை மட்டும் தேய்த்து மறுபடி நீலம் அடித்தாள். ஆனால் மாதமோ ஜூன். முலாஞ்சே பக்கமிருந்து வரும் சிப்பெரோனிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. உடுத்தும் துணியே காயாத நாளில் பெயிண்ட் எங்கே காயும்? காற்றாடட்டும் என்று சைக்கிளை இடுப்பு உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அறையைப் பூட்டிவிட்டு, தலை பின்னிக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

காலை ஏழு மணி.

முற்றத்தில் மூன்று கல் அடுப்பின் முன்னால் சார்ஜென்ட் எஸ்தெரே நாகும்வா நின்றார். அன்றைக்கு அவருக்கு லீவு. இடுப்பில் மஞ்சள் பூப்போட்ட துணி, கையில் ஆள் உயரத் துடுப்பு. வேலைக்கு வந்தவர்களுக்கு நிலக்கடலை மாவு போட்டு மக்காச்சோளக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டால் முதுகுவலி என்பார். கஞ்சி காய்ச்சக் கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து நிற்பார்.

"அக்கா, ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்கக்கா!" மலுவாவுக்குக் கண்ணீர் முட்டியது.

"ஸ்டேஷன் எங்கயும் ஓடிப் போயிடாது. கஞ்சிதான் கட்டி தட்டிடும். இந்தா, துடுப்பப் புடி. நிறுத்தாம கிண்டு."

சார்ஜென்ட் சாமான் அறைக்குள் போனார். பூட்டு உடையவில்லை. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. பெயிண்ட் டப்பாவின் மூடி சுத்தியலால் தட்டி இறுக்கியபடியே இருந்தது. தரையில் ஒரு சொட்டு நீலம் சிந்தவில்லை. உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். கயிறும் இல்லை. அறுத்த மிச்சம்கூட இல்லை. பிறகு தரையைப் பார்த்தார். உரலடி சுத்தமாக இருந்தது. அறையின் நடுவே மட்டும், ஒன்றின்மேல் ஒன்றாகக் கோழி எச்சம்.

"கொழுப்பப் பாரு, நடு வீட்ல!" என்று கோழியைத் திட்டிவிட்டு வெளியே வந்து, துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

முதலில் மலுவாவின் அம்மா.

"சாவி எங்க இருந்துச்சு?"

"காலண்டர் பக்கத்துல ஆணில. எப்பவும் அங்கதான்."

"நேத்து யாரு எடுத்தா?"

"மூணரை இருக்கும், எங்க அண்ணன் பையன் டைசன் வந்தான். பம்பு வேணும்னு தெறந்து எடுத்துட்டு, சாவிய என் கையில குடுத்துட்டு ஓடினான். அப்புறம் எங்க அண்ணன் வந்தாரு, நிச்சயக் கோழியக் கட்டிப்போட. எடுத்தாரு, அவரே மாட்டிட்டுப் போனாரு."

"எப்ப மாட்டினாரு?"

"நான் என்னத்தக் கண்டேன்? பின்னாடி உக்காந்து கீரை அரிஞ்சிட்டிருந்தேன். ஏம்மா, எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருக்கு. கோழியக் குளிப்பாட்டி ரிப்பன் கட்டலாம்னு தூக்கினா, காலெல்லாம் நீலம்! எந்த டப்பாவுல ஏறித் தொலைச்சுதோ. சோப்பு போட்டுத் தேச்சாலும் போகல. சம்பந்தி வீட்டுக்கு நீலக் கால் கோழியவா குடுக்கிறது? மானம் போயிடும்!"

சார்ஜென்டின் துடுப்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுழன்றது.

காலை ஏழே முக்கால்.

ஒலிபெருக்கிகளோடு ஒரு லாரி வந்து நின்றது. மேலிருந்து டைசன் குதித்தான். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். வலது முழங்கையில் நீலக் கறை. தெருவே அவனை வளைத்துக்கொண்டது.

காரணம் உண்டு. டைசன் மலுவாவின் தாய்மாமன் மகன். முறை. எங்கள் பக்கம் முறைப் பையனும் முறைப் பெண்ணும் ஒருவர் பொருளை ஒருவர் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்குத் திருட்டு என்று பெயர் இல்லை. மலுவாவின் செருப்பு, குடை, ஒரு முறை சமைத்த குழம்போடு சட்டி என்று அவன் தூக்காதது இல்லை. ஆனால் இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"எடுத்தத வச்சிருடா," என்றார் ஒரு பெரியவர். "விளையாட்டுக்கு நாள் கிழமை இல்ல?"

"எதை எடுத்தேன்?" டைசன் விழித்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு அணைந்தது. "ஏ புள்ள, நெசமாவா?"

"டேய், விளையாடாத. இன்னைக்கு வேணாம்," மலுவா அவன் சட்டையைப் பிடித்தாள். "திங்கக்கிழமை அவன் பஸ் ஏறிடுவான்டா."

சார்ஜென்ட் துடுப்பால் அவனைக் கூப்பிட்டார்.

"பம்பு எடுத்தப்ப சைக்கிள் இருந்துச்சா?"

"என் முன்னாலயே தொங்குச்சு. பார்ல ஈரம்னு தெரியாம முழங்கையை வச்சுட்டேன். பாருங்க."

"அப்புறம்?"

"நேரா மினிபஸ். நாலு மணிக்கெல்லாம் டவுன்ல இருந்தேன். இந்த டிரைவரக் கேளுங்க, ராத்திரி பூரா அவன்கூடத்தான் இருந்தேன். அக்கா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நான் தூக்கியிருந்தா இந்நேரம் கூரை மேல ஏறிப் பாடியிருக்க மாட்டேனா? கோழிக் கால் ரெண்டு குடுத்தாத்தான் தருவேன்னு பேரம் பேசியிருக்க மாட்டேனா? சும்மா ஒளிச்சு வைக்கிறதுல என்ன சுகம்?"

இதைச் சார்ஜென்ட் மறுக்கவில்லை. முறைப் பையன் தூக்கினால் பேரம் வந்தே தீரும்.

"அந்த சைக்கிள்ல உன் வேலை என்ன?"

"கேரியர் வெல்டிங். அப்புறம் ஒரு கால்மிதி. அத ஏன் கேக்குறீங்க! மூணு தடவ அறுத்து ஒட்ட வச்சா. எல்லா கபாசாவுக்கும் ரெண்டு பக்கமும் இருக்கும்ல? இவ வலது பக்கம் மட்டும் போதும்னா. அதுவும் தரையத் தொடுற மாதிரி, எட்டி வேற நிக்கணுமாம். கோணலா இருக்குடின்னேன். உன் வேலையப் பாருன்னா."

சார்ஜென்ட் மலுவாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலை எட்டு மணி.

தாய்மாமன் ஜைலோசி சாம்பல் நிறக் கோட்டு போட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது காலை நேராக நீட்டிக்கொண்டார். அந்த முழங்கால் மடங்குவதில்லை. புகையிலை மூட்டை சரிந்து விழுந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்றைக்குக் கோழியைக் கையில் ஏந்திக் கொடுக்க வேண்டியவர் அவர். தெருவில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"அண்ணே, கோழியக் கட்டினது எப்ப?"

"நாலரை. நல்ல வெளிச்சம்."

"சைக்கிள்?"

"இல்ல."

"மூலை கீலைல சாத்தியிருந்துதோ என்னமோ?"

"ஏம்மா, நடு ரூம்ல தொங்குற சைக்கிள் என் கண்ணுக்குத் தெரியாதா? இல்லவே இல்ல. மலுவாதான் எடுத்து வெச்சிருப்பான்னு நெனச்சேன்." சற்று நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: "முறைப் பசங்க விளையாட்டு. ரெண்டு நாள்ல தானா வந்துரும். இதுக்குப் போய் விசாரணை எதுக்கு?"

"உங்க மகன் மேலயே பழி வருதே அண்ணே, கோவம் வரல?"

"விளையாட்டுக்கு யாராவது கோவப்படுவாங்களா?"

சார்ஜென்ட் அடுப்பிலிருந்து ஒரு கட்டையை வெளியே இழுத்தார். "அந்தக் கோழியக் கொண்டாங்க," என்றார்.

கோழி வந்தது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலைத் திருப்பி, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். முன் விரல் மூன்றின் அடியிலும் நீலம். பின் விரலின் உட்பக்கமும் நீலம். நகங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன.

சார்ஜென்ட் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கோழியே பயந்துபோய்க் கொக்கரித்தது.

"கஞ்சி ரெடி," என்றார். "எல்லாரும் குடிங்க. மலுவா, டைசா, அம்மா, நீங்க மட்டும் என்கூட வாங்க. ஜைலோசி அண்ணே, நீங்களும் வாங்க. உங்க புகையிலைக் கொட்டகை வரைக்கும் ஒரு நடை."

ஜைலோசி உடனே எழுந்திருக்கவில்லை. முகம் கோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது.

காலை எட்டரை.

கொட்டகைக் கதவு திறந்தது. சீசன் முடிந்து புகையிலையெல்லாம் விற்றுப்போன கொட்டகை. வாசனை மட்டும் மிச்சம். இலைக் கட்டுகள் தொங்கும் உயர்ந்த கம்பத்திலிருந்து, அதே கயிற்றில், அதே முடிச்சோடு, நீல சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது.

மலுவா ஓடிப்போய் ஹாண்டில்பாரைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் புரியவில்லை.

"அப்பா?" என்றான் டைசன்.

"நானே சொல்றேன்," என்றார் சார்ஜென்ட். "விக்கிறதுக்குத் திருடுறவன் கயித்த அறுப்பான், வண்டிய எடுப்பான், ஓடுவான். இவரு முடிச்ச அவுத்து, கயித்தையும் பத்திரமா கொண்டு போயிருக்காரு. ஈரப் பெயிண்ட்டு, மறுபடி தொங்கவிடணும்னு அக்கறை. அப்ப இது வீட்டு ஆளு. தெருவுல நல்லா தொங்கவிடுற மாதிரி உத்திரம், மழை ஒழுகாத இடம், இந்த மாசம் யாரும் எட்டிப் பாக்காத இடம் எங்க இருக்கு? இங்கதான்."

"அது சந்தேகம்தானே அக்கா? சாட்சி?" என்றாள் மலுவா.

"சாட்சி கோழி. டப்பாவுல மிதிச்சிருந்தா நகமெல்லாம் நீலமா இருக்கும். தரையில தடம் இருக்கும். ஒண்ணும் இல்ல. விரலோட உள்பக்கம் மட்டும், பின் விரல்லயும் சேர்த்து நீலம்னா, எதையோ சுத்திப் புடிச்சு உக்காந்திருக்கு. அந்த ரூம்ல ஈர நீலம் இருந்த குழாய் ஒண்ணே ஒண்ணு, முன் பார். கோழி எப்ப கிளை ஏறும்? இருட்டும்போது. ஏறி உக்காந்து எச்சமும் போட்டிருக்கு, சரியா அந்த பாருக்குக் கீழ. அப்ப இருட்டுற வரைக்கும் சைக்கிள் அங்கயேதான் இருந்துச்சு. கோழியக் கொண்டுவந்தவரு இல்லவே இல்லன்னாரு. டைசன் நாலு மணிக்கே டவுன்ல." அவர் ஜைலோசியின் பக்கம் திரும்பினார். "கோழிய இறக்கிவிட்டுட்டு சைக்கிள உருட்டிட்டுப் போனது நீங்க. மகன் மேல பழி விழுந்தா முறைப் பையன் விளையாட்டுன்னு எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு கணக்குப் போட்டீங்க. சரிதானே அண்ணே?"

ஜைலோசி கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"அந்த பின் சீட்டு," என்றார். "நாலரைக்குக் கோழியக் கட்டுறப்பத்தான் முதல்ல பாத்தேன். மெத்தை வச்சு, தச்சு... மாப்பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்து இருக்கணும், அதான் நம்ம வழக்கம். ஆனா என் மூத்த பொண்ண ஒருத்தன் பின் சீட்டுல ஏத்திட்டுத்தான் லிலோங்வே பட்டணம் போனான். வருஷத்துக்கு ஒரு போன் வருது. இவளும் இதுல ஏறிப் போயிடுவான்னு தோணுச்சு. வீட்டுக்குப் போகல. அங்கயே திண்டாடிட்டு நின்னேன், இருட்டுற வரைக்கும். கல்யாணம் முடியட்டும், குடுத்துரலாம்னு எடுத்துட்டேன்."

"மாமா!" மலுவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சைக்கிள் இருந்தா அவன் இங்க இருப்பான். இல்லேன்னாத்தான் ஜோகன்னஸ்பர்க். திங்கக்கிழமை பஸ்ஸு மாமா. நீங்க ஒளிச்சது சைக்கிள இல்ல, அவன!"

ஜைலோசி அந்த மெத்தைச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் சார்ஜென்ட். "சீட்டையே பாத்த நீங்க இதப் பாத்திருக்க மாட்டீங்க. அந்தக் கால்மிதியப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு. வலது பக்கம். எட்டி, தாழ. மலுவா கால் அதுக்கு எட்டுமா? எட்டாது. மடங்காத காலை நீட்டி வச்சுக்கிறவருக்குத்தான் அந்த அளவு சரியா வரும். நம்ம தெருவுல அப்படி யாரு இருக்கா?"

டைசன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மூணு தடவ அறுத்து ஒட்டினேனே! சொல்லியிருந்தா ஒரே தடவைல முடிச்சிருப்பேன்ல?"

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள் மலுவா. "மாமா சர்ச்சுக்குப் போயி எத்தன நாளாச்சு? மார்க்கெட்டுக்கு? ஞாயித்துக்கிழமை முதல் சவாரி உங்களுக்குத்தான்னு வச்சிருந்தேன்."

ஜைலோசி குனிந்து அந்தக் கால்மிதியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். கிடைக்காமல் கோட்டுக் கையாலேயே மூக்கைச் சிந்தினார்.

"கேஸ் எழுதணும்னா புகார் வேணும்," என்றார் சார்ஜென்ட். "புகார் உண்டா?"

"உண்டு," என்றாள் மலுவா. "தண்டனைய நானே சொல்லிக்கிறேன்."

சைக்கிளை இறக்கினார்கள். ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகிற கொட்டகைக் காற்றில் பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. சாமான் அறையிலேயே கிடந்திருந்தால் இன்னும் பிசுபிசுத்திருக்கும். முன் பாரின் நடுவில் மட்டும் குட்டி விரல்களின் தடம், அழுத்தமாக. டைசன் உப்புத்தாள் கேட்டான். மலுவா அவன் கையில் ஒரு அடி போட்டாள்.

பத்து மணி. சாரல் விட்டிருந்தது.

கூட்டம், பாட்டு, சேவல் எல்லாம் வந்து சேர்ந்தன. ஜைலோசி ரிப்பன் கட்டிய கோழியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாங்கி, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"இது என்ன ஜாதிக் கோழி?"

"போலீஸ் ஜாதி," என்று கூட்டத்திலிருந்து சார்ஜென்ட் குரல் கொடுத்தார். "அரசுத் தரப்பு சாட்சி. குழம்பு வச்சீங்க, உள்ள தள்ளிடுவேன்!"

முற்றம் சிரிப்பில் குலுங்கியது. அதன் நடுவே மலுவா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். லிம்பானி வாயைப் பிளந்தான். அவள் கனவு கண்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிளந்தான். பிறகு செல்போனை எடுத்து, அண்ணனைக் கூப்பிட்டான்.

"பஸ்ஸுக்கு வேற ஆளப் பாத்துக்க. எனக்கு இங்க வேலை கிடைச்சிருச்சு."

பெண்கள் குலவையிட்டார்கள். "இதுதான் தண்டனை," என்று மலுவா மாமனைக் கூட்டத்தின் நடுவிலிருந்து கைப்பிடித்து அழைத்து வந்து பின் சீட்டில் உட்கார வைத்தாள். வலது கால், மூன்று தடவை அறுத்து ஒட்டிய அந்தக் கால்மிதியில் சொல்லி வைத்தாற்போல் போய் அமர்ந்தது. லிம்பானி ஏறி, மணியை அடித்தான்.

"எங்க மாமா போகணும்?"

ஜைலோசி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கயும் போக வேணாம் மாப்ள. வீட்டச் சுத்தி ஒரு ரவுண்டு. அப்புறம் எல்லாரையும் இங்கயே இறக்கி விட்டுடு."